காற்றை விலக்கிய தீ: டிக் வெல்டிங்கின் வரலாற்றில் கற்பவரின் இடம்

தமிழில் ‘பற்றவைத்தல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அடுப்பையோ விளக்கையோ எரியச் செய்வது ஒன்று. உலோகத் துண்டுகளைச் சூட்டினால் ஒன்றாக்குவது மற்றொன்று. கொல்லரின் உலைக்களத்தில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. தீ எரியக் காற்று வேண்டும். ஆனால் உருகிய உலோகத்தைக் கெடுப்பதும் அதே காற்றுதான். இந்த முரணைத் தீர்க்க முயன்ற நெடிய வரலாற்றின் ஒரு கட்டமே டிக் வெல்டிங். நம் பட்டறைகளில் அதற்கு வழங்கும் பெயர் ஆர்கான் வெல்டிங்.

இவ்வரலாறு பெரும்பாலும் காப்புரிமைகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1880-களில் ரஷ்யப் பேரரசில் பெனார்டோஸ் கார்பன் மின்முனையைக் கொண்டு மின்வில்லால் உலோகத்தை இணைத்தார். 1888-இல் ஸ்லாவியானோவ் உருகும் உலோக மின்முனையைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆஸ்கர் செல்பெர்க் மின்முனைக் கம்பிக்கு மேற்பூச்சு அளித்தார். அப்பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறி, உருகிய உலோகத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனிடமிருந்தும் நைட்ரஜனிடமிருந்தும் காத்தது. இரும்புக்கு இது போதுமானதாக இருந்தது.

மக்னீசியத்துக்குப் போதவில்லை. சூடேறினால் காற்றில் தீப்பற்றக்கூடிய அந்த உலோகத்தை இணைக்க இளக்கியைப் பயன்படுத்தினால், எஞ்சிய இளக்கி பின்னாளில் இணைப்பையே அரித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனம் எடை குறைந்த மக்னீசிய விமானத்தை உருவாக்க முனைந்தபோது இச்சிக்கல் முன்னால் வந்து நின்றது. மந்த வாயுவின் காப்பில் பற்றவைக்கலாம் என்னும் எண்ணம் ஹோபார்ட், டெவர்ஸ் ஆகியோரின் முயற்சிகளால் முன்பே அறியப்பட்டிருந்தது. அங்குப் பணியாற்றிய ரஸ்ஸல் மெரிடித் அதைக் கையில் பிடிக்கத்தக்க கருவியாக்கினார். உருகாத டங்ஸ்டன் முனை. அதைச் சுற்றி வழியும் ஹீலியம். 1941-இல் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை 1942 பிப்ரவரியில் வழங்கப்பட்டது. அம்முறைக்கு ‘ஹீலியார்க்’ என்று பெயரிட்டனர். அமெரிக்க இயற்கை எரிவாயு வயல்களில் ஹீலியம் கிடைத்ததும் இக்கருவி அங்குப் பிறந்ததற்கு ஒரு காரணம்.

எந்த விமானத்துக்காக இத்தனை முயற்சி நடந்ததோ, அந்த எக்ஸ்பி-56 இரண்டே முன்மாதிரிகளோடு நின்றுபோனது, டார்ச் நிலைத்தது. போருக்குப் பின் ஹீலியத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்கான் பிடித்துக்கொண்டது. 1894-இல் ரேலியும் ராம்சேயும் கண்டறிந்த இவ்வாயு காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு உள்ளது; காற்றைத் திரவமாக்கிப் பிரித்தெடுக்கலாம். ‘சோம்பியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். எதனோடும் வினைபுரியாத அந்தச் சோம்பலே இத்தொழிலில் அதன் தகுதி. பெயர்களும் இவ்வரலாற்றைச் சுமக்கின்றன. ‘ஹீலியார்க்’ முதல் வாயுவை நினைவில் வைத்தது. ஜெர்மானியர் டங்ஸ்டனை வொல்ஃப்ராம் என்பதால் அம்முறையை ‘விக்’ என்றனர். இந்தியப் பட்டறை சிலிண்டரைப் பார்த்து ‘ஆர்கான்’ என்றது.

காப்புரிமை வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் இக்கருவி கற்பவரின் கண்ணுக்கு என்ன செய்தது என்பது தனிக் கேள்வி. பூச்சுக் கம்பியால் பற்றவைப்பவர் புகைக்கும் கசடுக்கும் நடுவே வேலை செய்கிறார். இணைப்பு எப்படி அமைந்தது என்பதை, கசடைத் தட்டி நீக்கிய பிறகே முழுமையாகக் காண இயலும். டிக் முறையில் கசடு இல்லை, தீப்பொறிச் சிதறல் இல்லை, புகையும் மிகக் குறைவு. கருங்கண்ணாடியின் வழியே உருகிய உலோகத்தின் சிறு குளம் தெளிவாகத் தெரிகிறது. மக்னீசியத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு, கற்பவர் தம் பிழையை அது நிகழும் கணத்திலேயே காணும் வாய்ப்பைத் தந்தது. இது யாரும் திட்டமிட்ட விளைவன்று.

புதிதாகப் பழகுபவர் முதலில் இழைக்கம்பியைத் தொடுவதில்லை. எஃகுத் தகட்டின்மேல் மின்வில்லை எழுப்பி, குளத்தை ஒரே அகலத்தில் நகர்த்திச் செல்லவே பழகுகிறார். டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ அம்முனையின் விட்டமளவே இடைவெளி இருத்தல் வேண்டும். கை சற்றுத் தாழ்ந்தால் முனை குளத்தைத் தொட்டுக் கெடும். வேலையை நிறுத்தி, சாணைக்கல்லில் நீளவாக்கில் தீட்டி மீண்டும் தொடங்க வேண்டும். முதல் நாள்களில் பற்றவைக்கும் நேரத்தைவிடத் தீட்டும் நேரமே மிகுதி. பின்னர் மறுகையில் இழைக்கம்பி சேர்கிறது. கால் பெடலை மிதித்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இரு கைகளும் ஒரு காலும் தனித்தனித் தாளத்தில் இயங்கியாக வேண்டும். அலுமினியத்துக்கு வந்தால் புதுச் சிக்கல் எழுகிறது: உலோகம் 660 டிகிரி செல்சியஸில் உருக, அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மாறுதிசை மின்னோட்டம் அப்படலத்தைக் கலைக்க, மங்கிய பரப்பு திடீரெனக் கண்ணாடிபோல் மின்னுகிறது.

பயிற்சியின் இன்பம் இத்தகைய கணங்களில் உள்ளது. துருவேறா எஃகில் இணைப்பு பொன்னிறமாக ஆறினால் வெப்பமும் வாயுக்காப்பும் சரியாக இருந்தன என்று பொருள்; சாம்பல் நிறமானால் வெப்பம் மிகுந்தது அல்லது காப்பு தவறியது. ஆசிரியர் சொல்வதற்கு முன்பே உலோகம் தீர்ப்பை நிறமாக எழுதிவிடுகிறது. கெட்டுப்போன தகடுகள் குவியக் குவிய, நேற்றைய வரிக்கும் இன்றைய வரிக்கும் உள்ள வேறுபாடு கண்முன் கிடக்கிறது.

புதிய கருவி எனினும், இந்தக் கைப்பழக்கம் முழுதும் புதியதன்று. ஒரு கையில் சுடர், மறு கையில் கம்பி, கண் குளத்தின்மேல் என்பது ஆக்சி-அசிட்டிலீன் கேஸ் வெல்டிங் முன்பே வளர்த்த பழக்கம். அது தெரிந்தவர்க்கு டிக் எளிதில் வசப்படும். காப்புரிமை ஆவணம் டார்ச்சின் படத்தைத் தருகிறது. அதைப் பிடிக்கும் கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை.

இந்தியாவில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கு உலோகத்தொழில் நெடுங்காலம் குடிவழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஏட்டறிவும் கையறிவும் சாதியால் பிரிந்து நின்றன. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் அதன்வழி வளர்ந்த ஐடிஐ-களும், பிறப்பைக் கேளாமல் தேர்வை மட்டும் கேட்கும் வாயிலை விதியளவிலேனும் திறந்தன. அதே ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகள் வெல்டருக்குத் தகுதித் தேர்வை விதித்தன. 1960-களில் திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975-இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. உயரழுத்தக் குழாய் இணைப்பில் உள்வேர் வரியை டிக் முறையில் இடுவது வழக்கம். ஊடுகதிர்ப் படம் அதைச் சோதிக்கும். 45 டிகிரி சாய்வில் அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் தேர்வில் வெல்டரின் குடிப்பெருமை உதவாது, குடியிழிவும் தடுக்காது.

எனினும் ஐடிஐ மாணவரின் படிப்பைப் பட்டப்படிப்புக்குக் கீழாகவே சமூகம் எண்ணுகிறது. அறிவியல் வரலாற்றை எழுதும் பல்கலைக்கழகத் துறைகளும் இவ்வெண்ணத்திலிருந்து முழுதாக விலகிவிடவில்லை. மெரிடித்தின் காப்புரிமையை எவரும் இன்று படிக்கலாம். அக்கருவியை முதன்முதலில் பழகியோர் கெடுத்த தகடுகளோ பழைய இரும்பாக உருக்கப்பட்டிருக்கும். தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், இன்று கற்பிக்கும் முதிய வெல்டர்களிடம் சென்று, எதை எப்படித் தவறவிட்டு எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யலாம். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.