கூறியது கூறல்: ஒரு குற்றத்தின் கதை

தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு சின்ன அச்சகத்தில் 30 வருடங்களுக்கு மேல் கம்பாசிட்டராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டுரையை அனுப்பிய மூன்றாம் நாள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'தருணம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.'

கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் எண்ணினேன். தேடும் பெட்டியில் 'தருணம்' என்று அடித்தால் 5 என்று காட்டியது. இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. 'தருணத்தில்', 'தருணங்களை', 'தருணத்தின்' எதுவுமே அந்தத் தேடலில் சிக்காது. வேற்றுமை உருபைக் கண்டதும் கடைசி 'ம்' காணாமல் போய்விடும். வாலை வெட்டிவிட்டு 'தருண' என்று மட்டும் அடித்தேன். 17. இரண்டாயிரம் சொல் கட்டுரையில் 17 தருணங்கள்!

அடுத்து நான் செய்ததுதான் பெரிய கூத்து. சிலவற்றைக் 'கணம்' ஆக்கினேன், சிலவற்றைப் 'பொழுது', 'வேளை', 'நொடி' என்று மாற்றினேன். கை சும்மா இருக்குமா? 'தாத்தா' என்ற சொல்லும் நிறைய வருகிறதே என்று அதையும் 'அந்த முதியவர்', 'அச்சுத் தொழிலாளி', 'ஈயத்தோடு வாழ்ந்த மனிதர்' என்று பிரித்துப் போட்டேன். அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கம் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தார். "யாருடா இந்த முதியவர்? மொத்தம் எத்தனை பேரைப் பத்தி எழுதியிருக்க?"

திரும்ப வரும் சொல்லைக் கண்டு நான் ஏன் இப்படிப் பயந்தேன், இதைக் குற்றம் என்று முதலில் சொன்னது யார் என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

தமிழில் இந்தக் குற்றத்துக்கு வயது அதிகம். தொல்காப்பிய மரபியல் ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துச் சிதைவுகளை அடுக்குகிறது. அதில் முதலில் நிற்பதே 'கூறியது கூறல்'. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பவணந்தியின் நன்னூலும் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அங்கே இதற்கு மூன்றாம் இடம். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல்தான். இப்போது மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இருவரும் குற்றம் என்று சொல்வது கூறிய பொருளைத் திரும்பக் கூறுவதைத்தான். ஒரு சொல் இரண்டாம் முறை வந்துவிட்டது என்பதற்காக யாரும் பிரம்பை எடுக்கவில்லை.

சொல் திரும்ப வருவதற்கு இலக்கணம் தனியாகவே கணக்கு வைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் அடுக்குக்கு வரம்பு கட்டுகிறது. செய்யுளில் இசை நிறைக்க வந்தால் நான்கு முறை வரை போகலாம். அவசரத்தில் சொல்லும் சொல் என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீடு பற்றி எரியும்போது 'தீ தீ தீ' என்று கத்துகிறவனிடம் போய்க் கூறியது கூறல் என்று சொல்ல முடியாது. தண்டியலங்காரம் இன்னும் ஒரு படி மேலே போய், வந்த சொல்லோ பொருளோ திரும்ப வருவதை அணியாகவே வைத்திருக்கிறது. பின்வருநிலையணி என்று பெயர். எதற்காக வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதே அவர்களுக்கு முக்கியம்.

அப்படியானால் மாற்றுச்சொல் தேடும் இந்தப் பழக்கம்? அதற்கும் நம்மிடம் பழைய கருவி ஒன்று உண்டு. நிகண்டு. சேந்தன் திவாகரம், பிங்கலந்தை, பிறகு மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர்களைச் செய்யுளாகவே கட்டி வைத்தார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டார்கள். எதுகையும் மோனையும் அசை எண்ணிக்கையும் பார்த்து எழுதுகிற புலவனுக்கு யானையைக் குறிக்க ஒரு சொல் போதாது. களிறு, வேழம், கரி, கைம்மா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். நான் எழுதியதோ உரைநடை. எந்த எதுகையும் என்னைத் தள்ளவில்லை. செய்யுளுக்கான மருந்தை உரைநடைக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆங்கிலத்திலும் இந்த நோய் இருந்திருக்கிறது. ஹென்றி ஃபௌலரும் அவர் தம்பி ஃபிரான்சிஸும் 1906இல் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' என்ற மொழிநடைக் கையேட்டை வெளியிட்டார்கள். சொல் திரும்ப வந்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக வேறு சொல் போடுவதை அதில் 'எலிகன்ட் வேரியேஷன்' என்று கேலியாகப் பெயரிட்டுத் திட்டினார்கள். பெயரை மாற்றினால் ஆளும் மாறிவிட்டாரோ என்று படிப்பவர் குழம்புவார். அப்பா என்னிடம் கேட்ட அதே கேள்விதான்.

இனி எண்ணுகிறவர்களின் கதை. ஒரு நூலில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போடும் வேலை பிழைதிருத்தத்துக்காகத் தொடங்கவில்லை, பக்தியில் தொடங்கியது. 1230களில் பாரிஸின் டொமினிக்கன் துறவிகள் ஹியூ என்ற செயின்ட் ஷேர்க்காரரின் தலைமையில் லத்தீன் பைபிளுக்கு முதல் சொல்லடைவைத் தயாரித்தார்கள். அப்போது வசன எண்கள் கிடையாது. ஒவ்வோர் அதிகாரத்தையும் a முதல் g வரை ஏழு துண்டாகக் கற்பனையில் பிரித்துக்கொண்டு, இந்தச் சொல் இந்தத் துண்டில் என்று குறித்தார்கள். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் அதன் பொருள் பிடிபடும் என்ற நம்பிக்கை.

அதே நம்பிக்கையோடு ஏழு நூற்றாண்டு கழித்து இன்னொருவர் வந்தார். ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி. தாமஸ் அக்குவினாஸின் எழுத்தில் 'இருப்பு' என்ற கருத்தை ஆராய்ந்தவர். அதைக் குறிக்கும் பெரிய சொற்களைத் தேடிப்போனவருக்கு, விஷயம் அவற்றில் இல்லை, 'இன்' என்ற குட்டிச் சொல்லில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. நம் ஏழாம் வேற்றுமை 'இல்' மாதிரி. அது வரும் வாக்கியங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். இனி கை தாங்காது என்று 1949இல் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளோடு நடந்த அந்த வேலை 'இன்டெக்ஸ் தோமிஸ்டிகஸ்' என்ற பெயரில் 56 தொகுதிகளாக அச்சானது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். அட்டைகளில் துளையிட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை.

எண்ணிக்கை ஒருவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2009இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இயன் லங்காஷரும் கிரேம் ஹர்ஸ்டும் அகதா கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் எண்ணினார்கள். கடைசிக் காலத்து நாவல்களில் சொல்வளம் குறைந்திருந்தது. ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வந்தன. 'ஏதோ', 'எதுவோ' வகைச் சொற்கள் பெருகியிருந்தன. 1972இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நாவலில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. பழைய குற்றம் ஒன்றை முதியவர்களின் ஞாபகங்களிலிருந்து மீட்கப் பார்க்கும் கதை அது. கிறிஸ்டிக்கு மறதி நோய் என்று எந்த மருத்துவரும் உறுதிசெய்ததில்லை. அப்படி இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியான சொல் கைக்கு வராதபோது அந்த இடத்தில் 'ஏதோ' வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு மறதி நோய் இல்லை. ஆனால் என் 'தருணம்' செய்கிற வேலையும் அதுதானோ?

மறுநாள் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து 17 இடங்களையும் சிவப்பில் வட்டமிட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இங்கே உண்மையில் என்ன நடந்தது?' என்று எழுதினேன். 6 இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. 'அந்தத் தருணத்தில்' என்பதை அடித்துவிட்டால் வாக்கியம் நிம்மதியாக மூச்சுவிட்டது. 2 இடங்களில் அந்தச் சொல்லேதான் வேண்டியிருந்தது. மீதி 9 இடங்களிலும் எனக்கு விடை தெரியவில்லை. தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாத இடத்திலெல்லாம் ஒரு தருணத்தை வைத்து மூடியிருக்கிறேன்.

அந்தத் தாளோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். 'அச்சுக்கோப்பின் தருணங்களில் அவர் ஆழ்ந்த மௌனத்தில் இருந்தார்' என்ற வரியை வாசித்ததும் சிரித்துவிட்டார்.

"மௌனமா? எழுத்தைக் கோக்கும்போது வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே இருப்பார்டா. வந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வந்தா எழுதினவனைத் திட்டுவார். அந்த எழுத்து இருக்கிற அறை காலியாயிடும்ல. அப்புறம் வேற எங்கயாவது போய்க் கடன் வாங்கிட்டு வரணும்."

எனக்குத் தேடும் பெட்டி சொன்னதைத் தாத்தாவுக்கு விரல் சொல்லியிருக்கிறது. அன்று ராத்திரி 11 மணி வரை அப்பா பேசினார். 9 இடங்களில் 7 நிரம்பின. மற்ற 2 அவருக்கும் தெரியவில்லை. அந்த வாக்கியங்களை எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் சொல்லின் வாலை வெட்டித் தேடுகிறேன். 'ஒருவிதமான', 'சார்ந்து', 'வெளி' மூன்றும் என்னுடைய மற்ற வியாதிகள். ஆனால் தேடும் பெட்டியை முழுக்க நம்ப முடியாது. வந்தான், வருகிறாள், வா மூன்றும் ஒரே வினை என்று அதற்குத் தெரியாது. 'சலசல' இரட்டைக்கிளவி, பிரிக்கக் கூடாது என்றும் தெரியாது. அதனால் தாத்தா மாதிரி ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுகிறேன்.

திருத்திய கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை எண்ணினேன். தருணம் 2. முதியவரும் தொழிலாளியும் போய்விட்டார்கள். தாத்தா 38. அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆசிரியரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.