என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தில் பணிச் சமத்துவம்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்.எல்.சி. இந்தியா. யாருக்கு வேலை, என்ன ஊதியம், எந்தப் பதவிவரை உயரலாம் என்ற கேள்விகள் அங்கே பல பத்தாண்டுகளாகச் சட்டத்திலும் நீதிமன்றத்திலும் வேலைநிறுத்தத்திலும் எழுந்து வந்துள்ளன. சாதி, பாலினம், பிறந்த ஊர் ஆகிய மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பணியாளரைப் பிரிக்கும் முதன்மைக் கோடு நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையே ஓடுகிறது.

பின்னணி

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி இருப்பதற்கான முதல் தடயம். நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படிவம் 1961இல் வெளிப்பட்டது, 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. நிறுவனம் 2011இல் நவரத்னா தகுதி பெற்று, 2016இல் இன்றைய பெயருக்கு மாறியது. பணியாளருக்காக அமைந்த நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிந்துள்ளது. வீடுகள் பதவி நிலைக்கு ஏற்ப ஒதுக்கப்படுகின்றன.

ஊதிய அடுக்குகள்

நிறுவனத்தில் ஊதியம் மூன்று வழிகளில் முடிவாகிறது. அதிகாரிகளுக்கு மத்திய அரசின் பொதுத்துறை ஊதியத் திருத்தம் பொருந்தும். மூன்றாவது திருத்தம் 2017 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. அதன்படி மத்தியப் பொதுத்துறையில் ஈ-2 நிலை அதிகாரியின் அடிப்படை ஊதியம் 50,000 ரூபாயில் தொடங்குகிறது. நிரந்தரத் தொழிலாளருக்கு, ரகசிய வாக்கெடுப்பில் அங்கீகாரம் பெறும் சங்கங்கள் நிர்வாகத்துடன் பேசி ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளரோ ஒப்பந்ததாரர்கள் வழியாகவும், இன்கோசர்வ், ஹவுசிகோஸ் போன்ற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் வேலை செய்கின்றனர். கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வருவோரை 'சொசைட்டி தொழிலாளர்' என்று அழைப்பதும் உண்டு.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த மத்திய விதிகள், நேரடித் தொழிலாளர் செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளர் செய்தால் அதே ஊதியம் தர வேண்டும் என்றன. எது 'அதே வேலை' என்பதில்தான் வழக்குகள் முளைத்தன. ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என உச்ச நீதிமன்றம் 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. 2016இல் பஞ்சாப் அரசு வழக்கில், அரசின் தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்றது. பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கோரி நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2010, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் வேறானாலும் ஆபத்து பொதுவானது. 2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே, ஜூலை மாதங்களில் கொதிகலன்கள் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர்.

இடஒதுக்கீடும் மண்ணின் மைந்தரும்

அகில இந்திய அளவிலான நேரடித் தேர்வில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடங்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. பட்டதாரிப் பயிற்சி அதிகாரிகளை 'கேட்' தேர்வு மதிப்பெண் கொண்டு எடுக்கும் முறையில் தமிழ்நாட்டினருக்கு இடம் கிடைக்கவில்லை என்ற எதிர்ப்பு 2022இல் எழுந்தது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தோரின் கோரிக்கை தனி வகை. இழப்பீடு மட்டும் போதாது, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும் என்பது அதன் மையம். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நிறுவனம் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற பயிர் அழிக்கப்பட்டபோது இக்கோரிக்கை மீண்டும் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

பெண்கள்

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைத் தடுத்தது. தரைமேல் வேலையைக் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டுமே அனுமதித்தது. நெய்வேலியில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள். ஆனாலும் இரவு ஷிப்ட் மூடியிருந்ததால் சுழற்சி முறையில் நடக்கும் சுரங்க வேலைகள் பெண்களுக்கு எட்டவில்லை. 2019இல் மத்திய அரசு இதைத் தளர்த்தியது: எழுத்துமூலச் சம்மதம் இருந்தால், ஒரு ஷிப்டில் குறைந்தது மூவர் என்ற கணக்கில், திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவிலும் பணிபுரியலாம் என்றது. ஆண் பெண் ஊதிய வேறுபாட்டைத் தடுத்த 1976ஆம் ஆண்டுச் சமஊதியச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது.

தலைமைப் பதவிக்கான பாதை

தலைவர்-நிர்வாக இயக்குநரைப் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் பரிந்துரைக்க, மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தருகிறது. கீழே, சுரங்கப் பிரிவில் பதவியை நிர்ணயிப்பது பயிற்சி வகுப்பு மட்டுமன்று, தகுதிச் சான்றிதழும்கூட. சர்தார், ஓவர்மேன், இரண்டாம் வகுப்பு மேலாளர், முதல் வகுப்பு மேலாளர் எனப் படிப்படியான சான்றிதழ்கள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் தேர்வுகளில் கிடைப்பவை. முதல் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர் பெரிய சுரங்கத்தின் மேலாளர் ஆக முடியாது. அதற்குச் சுரங்க அனுபவம் கட்டாயம் என்பதால், 2019க்கு முன் இரவு ஷிப்ட் மூடியிருந்தது பெண்களின் கூலியை மட்டுமல்லாமல் மேலே ஏறும் படியையும் தொட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் நிறுவனத்தின் பணியாளர் பட்டியலில் இல்லாததால், எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும் பதவி உயர்வு வரிசைக்குள் வருவதில்லை. சங்கங்கள் ஊதிய உயர்வோடு பணி நிரந்தரத்தையும் சேர்த்தே கேட்பது இதனால்தான்.