அம்பாரித் துப்பாக்கியும் கேப்பு வெடியும்

1875 டிசம்பரில் கொழும்பிலிருந்து தூத்துக்குடி வந்திறங்கினார் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட். புத்தம்புது ரயில்பாதையில் சாத்தூர், விருதுபட்டி வழியாக மதுரைக்குப் பயணம். விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் புலி இருந்தும் இளவரசர் வேட்டைக்கு இறங்கவில்லை. ஆனைமலை வேட்டையைக் காலரா கெடுத்துவிட்டது. யானை வேட்டையை இலங்கையிலேயே முடித்திருந்தார்.

யானைமேலிருந்து நடத்தும் புலி வேட்டைகளுக்கென்றே இங்கிலாந்துப் பட்டறைகள் அம்பாரித் துப்பாக்கி என்ற கைத்துப்பாக்கியைச் செய்தன. காயம்பட்ட புலி யானையின் மத்தகத்தில் பாய்ந்தால், அம்பாரியில் இருப்பவருக்கு நீளத் துப்பாக்கியைத் திருப்ப நேரமிருக்காது. அதற்காகத்தான் இரட்டைக் குழலும் பெரிய குண்டும்.

அதன் பெட்டியே தனி அழகு. மஹாகனி மரம், உள்ளே பச்சைக் கம்பளித் துணி. மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, திணிகோல், கேப்பு டப்பா எல்லாவற்றுக்கும் அளவெடுத்த அறைகள். வாங்குபவர் மகாராஜா என்றால் வெள்ளியில் அரசச் சின்னம். சுட்டதைவிட விருந்தாளிகளுக்குத் திறந்து காட்டியதே அதிகம் இருக்கும்!

அந்த டப்பாவிலிருந்த செம்புக் கேப்புக்குள் பாதரச ஃபல்மினேட். சுத்தி விழுந்ததும் தீப்பிடிக்கும். இதற்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில் பிறந்த கண்டுபிடிப்பு, காப்புரிமை 1807-இல். 1845-இல் அமெரிக்கரான மேனார்ட் இதையே காகிதச் சுருளாக்கினார்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் துப்பாக்கியில் மாட்டும் சிவகாசிச் சுருள் கேப்பு அதன் வாரிசுதான். மருந்து மட்டும் வேறு: பொட்டாசியம் குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ். முன்னது தீக்குச்சித் தலையிலும் பின்னது தீப்பெட்டிப் பக்கவாட்டிலும் இருப்பவை. இரண்டையும் ஈரத்தோடுதான் கலக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஓர் உரசலே போதும்.