நோய் தீர்ந்த பின் யார் பொறுப்பு?

வைத்திய விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்ன மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, இன்னார் முதன்முதலாக இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார் என்று அது ஆண்டுகளையும் பெயர்களையும் அடுக்கிச் செல்லும். அம்மருந்தினால் உயிர் தப்பிய மனிதன் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தான், அவனை யார் கவனித்தார்கள் என்ற வினாவை அவ்வரலாறு அரிதாகவே எழுப்புகின்றது. புற்றுநோயைப் பொறுத்தவரை, இவ்வினா எழுவதற்கே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு விடை தேடியவர்களுள் கனடாவிற் பணியாற்றிய குடும்ப வைத்தியரும் ஆய்வாளருமான ஈவா கிரன்பெல்ட் குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆய்வுகளையும், அவை நடைபெறுவதற்கு இடமளித்த சமுதாயச் சூழலையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா ஏன் இவ்வளவு பிந்தி எழுந்தது? நீண்டகாலம் பிழைத்திருந்தோர் முன்னர் மிகச் சிலராக இருந்தமையே முதற்காரணம். லியூக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் 1940களில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிந்தனர். பொஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர், 1948இல் வெளியிட்ட ஆய்விலே, அமினோப்தெரின் என்ற மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் தற்காலிகமாகத் தேறியதை அறிவித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற ஆந்திர நாட்டவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதும் நினைவுகூரத்தக்கது. அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது சில மாத ஆயுள் மட்டுமே. ஆயினும் கதவு திறந்துவிட்டது. 1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட சென் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கெலும் அவர்தம் தோழர்களும் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் ஒருங்கு சேர்த்துக் கையாண்டனர். அத்தசாப்தம் முடிவதற்குள், அங்கு சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகக் குணமடையும் நிலை தோன்றியது.

1971 டிசம்பரில் அமெரிக்க அரசு தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ‘புற்றுநோய்க்கு எதிரான போர்’ என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. போர் என்றால் வெற்றி, தோல்வி என்ற இரண்டே உண்டு. போர்க்களத்திலிருந்து திரும்பியவன் உடலில் என்ன காயங்களைச் சுமந்து வந்தான் என்பதைப் பற்றி முழக்கமிட்டோர் அதிகம் சிந்திக்கவில்லை. அந்த ஆண்டில் புற்றுநோய் கண்டும் உயிரோடிருந்த அமெரிக்கர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர்; 2022இல் அத்தொகை 180 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பெரும் மக்கட்கூட்டமே உருவாகியுள்ளது எனலாம்.

இக்கூட்டத்தினரின் உடல்நிலை எத்தகையது? குழந்தைகளின் புற்றுநோயைத் தீர்த்துவிட்டால் மட்டும் போதாது என்று ஜூலியோ டி ஆஞ்சியோ என்ற வைத்தியர் 1975இலேயே எச்சரித்தார். அவர் எச்சரிக்கையின் உண்மையைப் பின்னாளில் எண்கள் எடுத்துக்காட்டின. குழந்தைப் பருவத்திற் புற்றுநோய் கண்டு குணமடைந்து வளர்ந்த 10,397 பேரை ஆராய்ந்து, கெவின் ஒஃபிங்கர் என்ற குடும்ப வைத்தியரும் அவர் சகாக்களும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது 27கூட ஆகவில்லை. ஆனால் நூற்றுக்கு 62 பேரிடம் நாட்பட்ட நோயொன்றேனும் காணப்பட்டது. நால்வரில் ஒருவருக்கு மேல் கடுமையான அல்லது உயிராபத்தான நோய்க்கு ஆளாகியிருந்தனர். நோயைக் கொன்ற அதே கதிர்வீச்சும் மருந்தும் இருதயத்தையும் சுரப்பிகளையும் தாக்கியிருந்தன. சிலரிடம் வேறொரு புற்றுநோயையே விளைவித்திருந்தன. இவ்விளைவுகள் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படக்கூடியவை. அப்பொழுது சிகிச்சையளித்த நிபுணர் ஓய்வுபெற்றிருப்பார். பழைய குறிப்பேடுகள் எங்கோ கிடக்கும். நோயாளிக்கோ தனக்கு என்ன மருந்து ஏற்றப்பட்டது என்பதுகூடத் தெரியாதிருக்கும்.

இந்நிலைமைக்குப் பெயரிட்டு, அதனை ஒரு பொதுப் பிரச்சினையாக்கியவர் பிட்ஸ்ஹியூ மலன் என்னும் அமெரிக்க வைத்தியர். மாணவராயிருந்தபோது 1965இல் மிசிசிப்பிக்குச் சென்று கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற் பங்குகொண்டவர் அவர். பின்னர் நியூ யோர்க்கின் ஏழை மக்கள் வாழும் தென் புரொங்ஸ் பகுதியில், லிங்கன் வைத்தியசாலையிற் பணியாற்றியவர். 1975இல், தமது 32ஆம் வயதில், தமது மார்புக் கதிர்ப்படத்திலே புற்றுநோய்க் கட்டியைத் தாமே கண்டார். 1985இல் அவர் எழுதிய கட்டுரை, நோயாளியின் வாழ்வை மூன்று பருவங்களாக வகுத்தது: சிகிச்சை நடைபெறும் கடும் பருவம், அது முடிந்தபின் அச்சத்தோடு கழியும் நீடித்த பருவம், நோய் நிலையாக நீங்கிய பருவம். நீரில் மூழ்கியவனைக் கரைசேர்த்த பின், அவன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கவே விட்டுச் செல்வதைப் போன்றது நமது வைத்தியமுறை என்பது அவரது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு, அல்புகேர்க்கி நகரிற் கூடிய ஒரு சிறு குழுவினரோடு சேர்ந்து, புற்றுநோயிற் பிழைத்தோருக்கான தேசியக் கூட்டமைப்பை அவர் நிறுவினார். வேலை இழப்பு, காப்புறுதி மறுப்பு ஆகியனவும் நோயின் விளைவுகளே என்பதை அவ்வமைப்பு வற்புறுத்திற்று. இரக்கத்துக்குரியோர் என்று கருதப்பட்டவர்கள் உரிமை கேட்போராக மாறியது இங்கேதான்.

உரிமை சரி, அதனை நிறைவேற்றுவது யார்? இங்குதான் கிரன்பெல்ட்டின் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள், பல ஆண்டுகள் வரை குறித்த தவணைகளில் நிபுணரின் சிகிச்சை நிலையத்துக்கே சென்று காத்துக்கிடப்பது வழக்கமாக இருந்தது. நோய் மீண்டும் தலைகாட்டினால் அதனைக் கண்டுபிடிக்க நிபுணரால்தான் இயலும் என்பது எவரும் கேள்வி கேளாத நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கிரன்பெல்ட் பரிசோதனைக்கு உட்படுத்தினார். இங்கிலாந்தில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், 296 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வைத்தியசாலையிலேயே தொடர்ந்து பார்க்கப்பட்டனர். மறு பிரிவினர் தத்தம் குடும்ப வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

முடிவு தெளிவாக இருந்தது. நோய் மீண்டதை உறுதிசெய்ய எடுத்த இடைக்காலம் ஒரு பிரிவில் 21 நாட்கள், மறுபிரிவில் 22 நாட்கள். குடும்ப வைத்தியரிடம் சென்ற பெண்களின் மனக்கலக்கம் கூடவுமில்லை. மற்றொரு செய்தி அதனினும் சிந்திக்கத்தக்கது. நோய் மீண்ட 26 பேரில் 18 பேரிடம் அது தவணைப் பரிசோதனையின்போது கண்டுபிடிக்கப்படவில்லை. இரு தவணைகளுக்கு இடையிலேயே வெளிப்பட்டது. வைத்தியசாலைப் பிரிவைச் சேர்ந்தவர்களுள்ளும் ஏறக்குறையப் பாதிப்பேர் முதலில் நாடிச் சென்றது குடும்ப வைத்தியரையே. அதாவது, ஏட்டில் நிபுணரிடம் இருந்த பொறுப்பு, வாழ்க்கையில் ஏற்கெனவே பகிரப்பட்டிருந்தது.

கனடாவில் 968 பெண்களைக் கொண்டு அவர் நடத்திய பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நோய் மீண்டதனால் விளையும் பாரதூரமான நிலைமைகள் குடும்ப வைத்தியர் பிரிவில் நூற்றுக்கு 3.5, நிபுணர் பிரிவில் நூற்றுக்கு 3.7. வேறுபாடு இல்லையென்றே கூறலாம். அதே ஆண்டில் ஒஃபிங்கரும் மேரி மக்கேப் என்பவரும் ‘பகிர்ந்த பராமரிப்பு’ என்ற முறையை விரித்துரைத்தனர். நோய் மீளும் ஆபத்தும் பின்விளைவும் குறைந்தவர்கள் குடும்ப வைத்தியரின் பொறுப்பில் இருப்பர். அவை மிகுந்தவர்கள் நிபுணரைவிட்டு நீங்கார். இருவரும் ஒருவரோடொருவர் கடிதத் தொடர்பு கொள்வர்; ஐயம் எழுந்தால் நோயாளிக்கு நிபுணரின் கதவு தாமதமின்றித் திறக்கும். இதனால் நிபுணரும் புதிய நோயாளிகளைக் காலதாமதமின்றிக் கவனிக்க இயலும்.

இதற்குள் அமெரிக்காவில், தேசிய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த வைத்திய நிறுவனம் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சை முடிந்து செல்லும் ஒவ்வொருவரிடமும், பெற்ற சிகிச்சையின் சுருக்கத்தையும் இனிச் செய்ய வேண்டியவற்றையும் கூறும் எழுத்துத் திட்டமொன்றைக் கொடுக்க வேண்டும் என அது விதந்துரைத்தது. அவ்வறிக்கைக் குழுவின் துணைத்தலைவர் எல்லன் ஸ்டோவல், 1971இல் ஹொட்ஜ்கின் நோய் கண்டு பிழைத்து, மலன் தொடங்கிய கூட்டமைப்பை நெடுங்காலம் நடத்தியவர். 2016இல், தாம் பெற்ற பழைய சிகிச்சையோடு தொடர்புபட்ட இருதயக் கோளாறினால் அவர் இறந்தார். தம் போன்றோருக்காக அவர் கேட்டது எத்துணை நியாயமானது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆனால் எழுத்துத் திட்டம் மட்டும் போதுமா? இதனையும் கிரன்பெல்ட் சோதித்தார். 408 பெண்களைக் கொண்ட அவரது 2011ஆம் ஆண்டு ஆய்வில், திட்டம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் மனத்துயரிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு சாராரும் குடும்ப வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தனர் என்பதை நாம் இங்கு மனங்கொள்ள வேண்டும். காகிதம் பயனுள்ளதே, எனினும், தன்னை அறிந்த வைத்தியர் ஒருவரின் இடத்தை அது நிரப்பமாட்டாது என்றே இம்முடிவிலிருந்து நாம் கொள்ளலாம்.

இனி, அடிப்படையான விடயத்துக்கு வருவோம். இவ்வாய்வுகள் இங்கிலாந்திலும் கனடாவிலும் நடத்தப்பட்டமை தற்செயலானதன்று. இங்கிலாந்தில், சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அனைரின் பெவன் 1948 ஜூலை 5இல் தொடக்கிவைத்த தேசிய சுகாதார சேவை, ஒவ்வொரு குடிமகனும் ஒரு குடும்ப வைத்தியரின் இடாப்பிற் பதிவுபெற வழிசெய்தது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் சோஷலிசச் சார்புடைய அரசாங்கம் 1962 ஜூலை 1இல் அனைவருக்குமான வைத்தியக் காப்புறுதியைக் கொணர்ந்தபோது, வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். எதிர்ப்பை மீறி அத்திட்டம் நிலைத்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. நோயாளியிடம் பணம் கேட்காத குடும்ப வைத்தியர் இருந்தமையாலேயே, அவரிடம் நோயாளியை ஒப்படைத்துப் பார்க்க கிரன்பெல்ட்டால் முடிந்தது. மக்கள் போராடிப் பெற்ற அமைப்பொன்று அவ்வாய்வின் அத்திவாரமாக இருந்தது.

அத்திவாரம் ஆட்டம் காணும்போது மேற்கட்டு என்னாகும் என்பதையும் கனடாவே காட்டுகின்றது. அங்கு 2022இல் நடத்தப்பட்ட நாடளாவிய வினாக்கொத்து ஆய்வொன்றில், வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் தமக்கெனக் குடும்ப வைத்தியர் இல்லை என்றனர். அத்தகையவரிடம், ‘இனி உங்கள் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள்’ என்று நிபுணர் கூறின், அது பகிர்வாகாது, கைகழுவலாகும். செலவைக் குறைக்க விழையும் ஆட்சியாளர் ‘பகிர்ந்த பராமரிப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் விட்டுவிடவும் கூடும். ஆகவே, இம்முறையை ஆதரிப்போர் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உள: ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப வைத்தியர், அவருக்குப் போதிய நேரம், நிபுணரிடம் தடையின்றித் திரும்பும் வழி, நோயாளியின் கையிலேயே அவரது சிகிச்சைக் குறிப்பு.

சாதாரண வைத்தியரும் சாதாரணப் பெண்ணும் சேர்ந்து, நிபுணர் செய்வதற்கு ஒப்பான பணியைச் செய்ய வல்லவர்கள் என்பதைக் கிரன்பெல்ட்டின் எண்கள் நிலைநாட்டின. விஞ்ஞானம் தன் பங்கைச் செய்திருக்கின்றது. அவ்விருவரும் சந்திப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைப்பதும், அதனை மூடவிடாது காப்பதும் சமுதாயத்தின் பங்கு.