தீவை மூடியவர்கள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் பொறியியல் இறுதியாண்டில் இருந்தேன். ஆய்வுக்கூடம் மூடிவிட்டதால் சோதனைகளை மென்பொருளில் செய்யச் சொன்னார்கள். கையேட்டில் உள்ளபடி இணைத்தால் விடை வரும். அதை அப்படியே எழுதி அனுப்பினோம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

பக்கத்தில் பதினொரு வயது அக்கா மகன் மைன்கிராப்டில் கதவுக்குப் பூட்டு செய்துகொண்டிருந்தான். "மாமா, ரெட்ஸ்டோன் பதினஞ்சு கட்டம்தான் போகும். அதுக்கு மேலன்னா நடுவுல ரிப்பீட்டர் வைக்கணும்" என்றான். ரெட்ஸ்டோன் தீப்பந்தம் ஒட்டியிருக்கும் கட்டைக்குச் சமிக்ஞை வந்தால் பந்தம் அணையும். அதுதான் நாட் கேட். நான் பல்கலைக்கழகத்தில் மனப்பாடம் செய்ததை அவன் நாலைந்து முறை தப்பாகக் கட்டி, இடித்துக் கற்றிருந்தான்.

மெய்நிகர் உலகங்களைப் பாடத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி புதிதல்ல. 1999இல் தொடங்கிய வைவில் என்ற சிறுவர் உலகத்தில் 2002இல் 'வைபாக்ஸ்' என்ற தொற்றைப் பரவவிட்டார்கள். பிள்ளைகளின் உருவங்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. அரட்டையில் தட்டச்சு செய்தால் நடுவே தும்மல் வந்து விழுந்தது. யாரிடமிருந்து ஒட்டியது என்று பிள்ளைகளே தேட ஆரம்பித்தார்கள்.

அதே காலத்தில் ஹார்வர்டில் கிறிஸ் டீட் குழுவினர் இடைநிலை மாணவர்களுக்காக 'ரிவர் சிட்டி'யை உருவாக்கினர். அது 19ஆம் நூற்றாண்டு நகரம். அங்கே மக்கள் நோயில் விழுகிறார்கள். காரணம் தண்ணீரா, காற்றா, கொசுவா என்று மாணவர்கள் குழுவாக ஊகித்துச் சோதிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு 2003இல் செகண்ட் லைஃப் வந்தது. பல்கலைக்கழகங்கள் அங்கே தீவுகளை வாங்கின. பல தீவுகளில் நிஜ விரிவுரை மண்டபமே மறுபடி எழுந்தது: வரிசை நாற்காலி, முன்னால் திரை. பறக்கத் தெரிந்த உருவத்தை உட்கார வைத்து ஸ்லைடு காட்டினார்கள். பதின்ம வயதினருக்கு 2005இல் தனி உலகம் திறந்தார்கள். பாதுகாப்புக்காகப் பெரியவர்களுக்கு அங்கே தடை. ஆசிரியர்களுக்கும் பின்னணிச் சோதனை உண்டு. நியாயமான விதிதான். ஆனால் வயது கலந்து கற்க வழியில்லை.

பிறகு 2010இல் லிண்டன் லேப் நிறுவனம் கல்விக்கான 50 விழுக்காட்டுச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. பதின்ம உலகமும் மூடப்பட்டது. 2013இல் சலுகை திரும்பியது என்றாலும், ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் நம் வகுப்பறை ஒரு வரி மட்டுமே என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. மைன்கிராப்டும் விலக்கல்ல. ஆசிரியர்களுக்காகத் தனியே வளர்ந்த மைன்கிராப்ட்எடுவை 2016இல் மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது.

வயதுக்கு ஏற்ற உலகம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னப் பிள்ளைக்கு விளையாட்டு, பெரியவனுக்கு விரிவுரை என்று பிரிப்பதில்தான் கோளாறு. வைவில் பிள்ளைக்கும் ரிவர் சிட்டி மாணவனுக்கும் கிடைத்தது ஒன்றே: விடை தெரியாத சிக்கல், தப்பு செய்ய இடம். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது கிடைக்கவில்லை.

நம் பள்ளிகளுக்கு யாராவது இப்படியொரு உலகத்தை விற்க வந்தால் இரண்டே கேள்விகள் கேட்போம். பிள்ளை இதில் தப்பாகக் கட்ட முடியுமா? நீங்கள் கடையைச் சாத்தினால் அவன் கட்டியது யாரிடம் இருக்கும்?

அக்கா மகனின் பூட்டு இன்னும் பழைய மடிக்கணினியில் இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். கதவு வேலை செய்கிறது.