சிறு பெண்ணுக்கு ஏற்ற மேகம்

மைக் ஓல்பின்ஸ்கி எடுத்த புயல் காணொளி ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். 2013 ஜூன் 3 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புக்கர் என்ற சிற்றூருக்கு அருகே எழுந்த இடிமுகில் அது. நேரில் நின்றவர்களுக்கு அது மெல்ல நகர்வதாகவே தெரிந்திருக்கும். திரையிலோ, குயவர் சக்கரத்தில் ஏற்றிய மண்போல வானமே சுழன்றது. 'அவளுக்கு என்னா கோபம்' என்றான் ஒரு மாணவன். புயல் என்றதும் எப்படி 'அவள்' வந்துவிடுகிறாள் என்று கேட்டேன். சிரித்தார்கள்; பதில் வரவில்லை.

இந்த வகைப் படத்துக்குப் பெயர் டைம்லாப்ஸ். விநாடிக்கு ஒரு படம் என ஒரு மணி நேரம் எடுத்தால் 3600 படங்கள் சேரும். அவற்றை விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு மணி நேரம் இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். இப்போதைய 8கே துல்லியத்தில் ஒவ்வொரு படத்திலும் 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். மேகத்தின் விளிம்பில் பிரியும் ஒரு இழைகூடத் தப்பாது. ஆனால் இடைவெளி விட்டுப் படமெடுத்து மேகத்தைப் படிக்கும் வேலை 8கே வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்திருக்கிறது. அதில் முக்கியமானவர் ஒரு பெண்.

ஜோவான் சிம்ப்சன் 1923இல் பாஸ்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, வானிலையியல் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அவரும் படித்து, விமானப் பயிற்சி பெறும் வீரர்களுக்குப் பாடம் நடத்தினார். போர் முடிந்ததும் பெண்கள் வீடு திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. வானிலையியலில் எந்தப் பெண்ணும் முனைவர் பட்டம் பெற்றதில்லை, இனிப் பெறப்போவதும் இல்லை என்றார்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில். அங்கேயே 1949இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் முனைவரான முதல் பெண் அவர்.

பஞ்சுப்பொதிபோலத் திரளும் மேகங்களை ஆராய விரும்புவதாக அவர் சொன்னபோது, அத்துறையின் பெரும்புள்ளியான கார்ல் குஸ்தாவ் ராஸ்பி மறுக்கவில்லை. அது அவ்வளவு முக்கியமில்லாத விஷயம், யாருக்கும் அதில் அக்கறை இல்லை, ஆகவே ஒரு சிறு பெண்ணுக்கு ஏற்றதுதான் என்று அவர் கருதினார்.

இதைப் படித்தபோது என் ஆய்வுத் தலைப்பு முடிவான நாள் ஞாபகம் வந்தது. தாலாட்டு எடுத்துக்கோம்மா, பொம்பளைப் பிள்ளைக்குச் சுலபமா இருக்கும் என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் பாட்டிகளிடம் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சீர்வரிசைக் கணக்கும் சொத்துச் சண்டையும் பசியும் அந்தப் பாட்டுகளுக்குள்தான் இருந்தன என்று.

ஜோவானுக்கும் மேகம் சிறிய விஷயமாக இருக்கவில்லை. உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ஆய்வு விமானத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். அவர் போகவில்லையென்றால் விமானமும் கிடையாது என்று பணம் கொடுத்த கடற்படை ஆய்வு அலுவலகம் சொன்ன பிறகே இடம் கிடைத்தது. விமானத்திலிருந்து கேமரா சீரான இடைவெளியில் மேகங்களைப் பதிவு செய்யும். விமானத்தின் வேகமும் படங்களுக்கு இடையிலான நேரமும் தெரிந்தால், ஒரு மேகம் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து அதன் தொலைவையும் உயரத்தையும் கணக்கிடலாம். சட்டம் சட்டமாக உட்கார்ந்து அளக்கும் வேலை. 1958இல் ஹெர்பர்ட் ரீலுடன் சேர்ந்து அவர் சொன்னது இது: நிலநடுக்கோட்டுப் பகுதியில் கடற்பரப்பின் வெப்பத்தை வானின் உச்சிக்குக் கொண்டுபோவது எங்கும் பரவிய காற்றல்ல, ஒரே சமயத்தில் எழுந்து நிற்கும் சில ஆயிரம் உயரமான இடிமுகில்கள்தான். அவற்றை 'வெப்பக் கோபுரங்கள்' என்றார்கள். சூறாவளிக்கு வலு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அங்கிருந்து விடை தேடினார்கள். அக்கறை காட்டாமல் விடப்பட்ட மேகங்களில்தான் அந்த விடை இருந்தது.

அதே 1958இல் வந்த சூறாவளியின் மேக அமைப்பை விமானப் படச்சுருள்களைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். 1961இல் வெளியான அந்தக் கட்டுரையை அவருடன் எழுதிய இருவரில் ஒருவர் மார்கரெட் சாஃபி என்ற பெண். நம் இந்தியப் பெருங்கடலின் மேகங்களைப் பற்றி 1969இல் வந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவரும் இதே சாஃபிதான். அந்தச் சூறாவளியின் பெயர் டெய்சி. 1953 முதல் 1978 வரை அட்லாண்டிக் சூறாவளிகளுக்கு அமெரிக்கா பெண் பெயர்களை மட்டுமே வைத்தது. பெண் புயலாக இருக்கலாம். புயலை ஆராயப் போனால்தான் விமானத்தில் இடமில்லை. பெண்கள் போராடிய பிறகு 1979இல்தான் ஆண் பெயர்களும் பட்டியலில் சேர்ந்தன.

1983இல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் உயரிய விருது ஜோவானுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். விருதின் பெயர் ராஸ்பி பதக்கம். இதைச் சொன்னால் கைதட்டுகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதியால் அவருக்கு மறுக்கப்பட்ட வேலைகளைப் பதக்கம் திருப்பித் தராது. அவரை நூலகத்தில் தேடுவதே சிரமம். மூன்று முறை மணம் செய்துகொண்டவர். ஸ்டார், மால்கஸ், சிம்ப்சன் என்று கட்டுரைக்குக் கட்டுரை பெயர் மாறுகிறது. வெப்பக் கோபுரங்களைக் கண்டவர் மால்கஸ். 1997இல் விண்ணுக்குப் போன வெப்பமண்டல மழை அளக்கும் செயற்கைக்கோளின் பின்னால் நின்றவர் சிம்ப்சன். இருவரும் ஒருவரே என்பது தெரியாதவருக்கு அவர் பாதியாகவே கிடைப்பார்.

காணொளி முடிந்ததும் கரும்பலகையில் மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், கல்யாணத்துக்கப்புறம் இனிஷியலை மாத்தாட்டி சர்டிஃபிகேட்ல பிரச்சினை வருமா?"

வராது என்றேன். வந்தாலும் மாற்றாதே என்றேன்.