பிரேக் பெடல் 'மெத்'தென்று இறங்குகிறதா? ஏர் எடுங்க!

நாமக்கல்,

கொல்லிமலை பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கார் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி 'மெத்'தென்று உள்ளே போனால் டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

காரணம் பெரும்பாலும் லைனில் புகுந்த காற்றுதான். பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துப் பாருங்க. கெட்டியாகி மேலே வந்தால் ஏர் இருக்கு, அல்லது பின் டிரம்மில் ஷூ இடைவெளி கூடிப்போச்சு. மிதித்தபடி வைத்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போச்சு. அதை மாற்றாமல் ஏர் எடுத்துப் பயனில்லை.

ஏர் எடுக்க 2 பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் வீல் நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடணும். அதன் பிறகே காலை எடுக்கணும். முந்தினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், வேலை முதலிலிருந்து! டப்பாவில் ஆயில் வற்றவும் கூடாது. சில ஏ.பி.எஸ். கார்களுக்கு ஸ்கேனர் தேவை. அது ஒர்க்‌ஷாப் வேலை.

மலையில் மட்டும் மெத்தென்று ஆகி, ஆறியதும் சரியானால் பழைய ஆயில் மீதுதான் சந்தேகம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகலாம். ஆவியும் அமுங்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றும் ஆசாமிகளும் உண்டு. ரப்பர் ஊதி மொத்த பிரேக்கும் போய்விடும்.

வழியில் இப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஓரங்கட்டி ஆற விடணும்.